கேஸ் கீசர் உள்ள வீட்டில் காற்றுக்கு வழி விடுவது எப்படி

ராமநாதபுரம் கடற்கரையில் வெந்நீர் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. மார்கழியில்கூட இங்கே ஸ்வெட்டர் தேவைப்படாது என்பது உண்மைதான். ஆனால் வாடை அடிக்கிற நாளில் இரவெல்லாம் கடலில் நனைந்துவிட்டு விடியற்காலையில் கரையேறுகிறவருக்கு, பிள்ளை பெற்ற பெண்ணுக்கு, மூட்டுவலிக்காரப் பெரியவர்களுக்கு, ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு அறைக்குத் திரும்புகிற யாத்திரிகர்களுக்கு வெந்நீர் வேண்டும். முன்பு கருவேல விறகு போட்டு வெளி அடுப்பில் காய்ச்சினோம். இப்போது கரண்ட் பில்லுக்குப் பயந்தும், மழைக்காலத்தில் கரண்ட் போய்விடுகிறதே என்றும் பல வீடுகளில் கேஸ் கீசர் மாட்டுகிறார்கள். மாட்டுவதில் தப்பில்லை. அதை மாட்டுகிற அறைக்குக் காற்றுப் போக வழி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, அதுதான் என் கவலை.

மூன்று வருடத்துக்கு முன் மண்டபத்துப் பக்கம் என் அக்கா வீட்டில் நடந்தது இது. மச்சான் கடலிலிருந்து வந்து குளிக்கப் போனார். இருபது நிமிடம் ஆகியும் வெளியே வரவில்லை, தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா தட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட, அவர்கள் கதவை உடைத்து வெளியே தூக்கிப் போட்டார்கள். வாயில் நுரை, கை கால் வெட்டி இழுத்தது, வலிப்பு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மருத்துவமனையில் இருந்த டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, “வீட்டில் கேஸ் கீசரா?” ஆக்சிஜன் வைத்தார்கள், பிழைத்தார். மறுநாள் நான் அந்தப் பாத்ரூமைப் போய்ப் பார்த்தேன். ஐந்துக்கு ஏழு அடி. சாரல் அடிக்கிறது என்று வெண்டிலேட்டரில் சிமெண்டுச் சாக்கை மடித்துச் செருகியிருந்தார்கள். கதவு தரையை ஒட்டி இறுக்கமாக மூடுகிற பிவிசி கதவு. காற்று நுழைய விரல்கடை இடம்கூட இல்லை.

அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீடு, தெரிந்தவர் வீடு என்று பதினைந்து வீட்டுக்குமேல் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டேன். அதில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகக் கீசர் வாங்குகிறவர்கள், கீசரோடு வாடகைக்கு வீடு எடுத்தவர்கள், வீட்டு மாடியை யாத்திரிகர்களுக்கு விடுகிறவர்கள் படித்தால் போதும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

கொத்தனார் வரும்வரை காத்திருக்க வேண்டாம், காசு செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கீசரை ஓட்டி, இரண்டு வாளி வெந்நீர் பிடியுங்கள். கீசரை அணையுங்கள். ஐந்து நிமிடம் கதவு திறந்தே இருக்கட்டும். அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக் குளியுங்கள். ஷவரில் நின்று குளிக்கிற சுகம் போகும், அவ்வளவுதான். பாத்ரூமில் சுவரை இடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்காத வாடகை வீட்டில் இதைத் தவிர வேறு வழியே இல்லை என்றாலும் இது ஒன்று போதும், ஆனால் வீட்டில் குழந்தை முதல் பாட்டி வரை எல்லாரும் ஒரு நாள் விடாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

நெருப்பு ஏன் விஷமாகிறது

சாயல்குடி, கடலாடி, கமுதிப் பக்கம் கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே இலைதழை போட்டு, மண்ணால் மூடிவிடுவார்கள். காற்று தாராளமாகப் போனால் விறகு முழுசாக எரிந்து சாம்பலாகிவிடும், காற்றைப் பிடித்து வைத்தால்தான் கரி கிடைக்கும். அப்படி மூச்சுமுட்டி எரிகிற நெருப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. சாத்திய பாத்ரூமுக்குள் எரிகிற கீசரும் ஒரு மூட்டம்தான். மூட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டிய நாம் உள்ளே நிற்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் தருகிற சாதாரண கேஸ் கீசர் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் எரிக்கும். ஒரு கிலோ எல்பிஜி முழுசாக எரிய சுமார் 12 கன மீட்டர் காற்று வேண்டும். அக்கா வீட்டுப் பாத்ரூம் ஒன்பது அடி உயரம் என்று வைத்தால் அதில் இருக்கிற மொத்தக் காற்றே 9 கன மீட்டர்தான். நூற்றுக்கு 21 பங்கு இருக்கிற ஆக்சிஜன் 18-ஆக இறங்க, முழுக்க அடைத்த அறையில் ஆறேழு நிமிடம் போதும். ஆக்சிஜன் குறையக் குறைய நெருப்பு கெடும், நெருப்பு கெடக் கெட விஷம் கூடும். நீங்கள் தலைக்கு ஷாம்பூ போட்டு அலசுகிற நேரம்தான் அது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணும் எரியாது. “கேஸ் நாத்தமே வரலையே” என்று மச்சான் அப்புறம் சொன்னார். சிலிண்டர் கேஸில் நாற்றம் வருவது, கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற பொருளைக் கம்பெனியில் கலப்பதால். எரிந்து முடிந்தபின் அந்த வாசனை இருக்காது. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்குமேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். காற்றில் ஆயிரத்துக்கு மூன்று பங்கு இருந்தால் ஐந்து பத்து நிமிடத்தில் தலைவலி, மயக்கம் வரும், அரை மணி நேரத்துக்குள் உயிரே போகலாம். மூளை மந்தமாகிவிடுவதால், கதவைத் திறந்து வெளியே போக வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு வராது.

இதனால்தான் பிள்ளை பெற்ற அறையில் கதவு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுக் கரிக் கணப்பு வைப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். சாம்பிராணி போட்டுவிட்டுச் சட்டியை வெளியே எடுத்துவிடுங்கள், தணல் உள்ளேயே இரவெல்லாம் கிடக்கக் கூடாது.

முதல் படி: கீசரை எங்கே மாட்டுவது

என்னைக் கேட்டால் கேஸ் கீசர் பாத்ரூமுக்குள் இருக்கவே கூடாது. வெளிச்சுவரில், சன்ஷேடுக்குக் கீழே அல்லது பின்பக்கத் தாழ்வாரத்தில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே கொண்டுபோங்கள். பத்து, பதினைந்து அடி சிபிவிசி பைப் (வெந்நீர்ச் சூட்டைத் தாங்குகிற பிளாஸ்டிக் குழாய்) ஓடினால் முதல் அரை வாளி குளிர்ந்து வரும், பிறகு சூடு சரியாகிவிடும். புது வீடு கட்டுகிறவர்கள் பிளம்பரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் கூடுதல் செலவு மிகக் கொஞ்சம்.

வெளியே மாட்டினால் இங்கே இரண்டு தொல்லை உண்டு. ஒன்று காற்று. கடலோரத்தில் அடிக்கிற காற்றுக்குத் தீ அணைந்துகொண்டே இருக்கும். நல்ல கீசரில் தீ அணைந்தால் கேஸ் தானாக நின்றுவிடும், ஆனாலும் குளிக்கிறவருக்கு எரிச்சல் வந்து “உள்ளேயே மாட்டிடு” என்பார். அதனால் காற்று வராத பக்கச் சுவரைப் பாருங்கள். தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் என்று வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஐப்பசி முதல் தை வரை வாடைதான் எதிரி, தெற்கு அல்லது மேற்குச் சுவர் நல்லது. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று மன்னார் வளைகுடாப் பக்கம் மேற்கத்திக் காற்றான கச்சான் ஆனி ஆடியில் மணலை அள்ளிக்கொண்டு வரும், ஆனால் வெந்நீர் அதிகம் ஓடுவது மழைக்காலத்தில் என்பதால் அங்கேயும் வாடையை வைத்தே முடிவு செய்யலாம். பாம்பன், தங்கச்சிமடத்தில் இரண்டு பக்கமும் கடல், அங்கே இருப்பவர்கள் பக்கத்து வீட்டுச் சுவர் எந்தப் பக்கம் மறைக்கிறதோ அதைப் பார்த்து மாட்டுங்கள்.

இரண்டாவது தொல்லை, மழைக்கும் திருட்டுக்கும் பயந்து கீசரைச் சுற்றி அலுமினியப் பெட்டி செய்து கதவு போட்டுப் பூட்டுவது. பெட்டி அடைத்திருந்தால் பாத்ரூமுக்குள் இருந்த ஆபத்து பெட்டிக்குள் வரும், அந்தப் பெட்டி பாத்ரூம் ஜன்னலுக்குக் கீழே இருந்தால் புகை நேரே உள்ளே போகும். பக்கவாட்டில் ஒரு தகடு மட்டும் காற்று மறைப்பாக வைத்தால் போதும். கீழும் மேலும் முன்னும் திறந்திருக்கட்டும். ஜன்னலிலிருந்து எவ்வளவு தள்ளி மாட்ட முடியுமோ அவ்வளவு நல்லது.

கீசர் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள். வீட்டு உபயோகச் சிறு எல்பிஜி கீசருக்கென்றே ஐஎஸ் 15558 என்ற தரம் இருக்கிறது. “ஆக்சிஜன் சென்சார் இருக்கு, உள்ளே மாட்டலாம்” என்று கடையில் சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள். அந்தச் சென்சார் ஆக்சிஜன் குறைவதைத்தான் கவனிக்கும், கார்பன் மோனாக்சைடை அளக்காது. பர்னர் அழுக்காகி, அறையில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தும் விஷம் வந்தால் அது சும்மாதான் இருக்கும். பல மாடல்களில் 20 நிமிடத்தில் தானாக அணைகிற வசதியும் உண்டு. நல்லதுதான், ஆனால் அணைந்ததும் குழாயை ஒருமுறை மூடித் திறந்து மறுபடி ஓட்டுகிற வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

இரண்டாம் படி: உள்ளேதான் இருக்கிறது என்றால்

மாற்ற முடியாத நிலைமை பலருக்கு இருக்கும். அப்போது அறைக்கு இரண்டு ஓட்டை வேண்டும், ஒன்று கீழே, ஒன்று மேலே. கீழே உள்ளதில் வெளிக்காற்று வரும், மேலே உள்ளதில் சூடான புகை போகும். ஒரு ஓட்டை மட்டும் போட்டால் வரும் காற்றும் போகும் புகையும் அங்கேயே சண்டை போட்டுக்கொண்டு நிற்கும்.

நான் கொத்தனாரிடம் சொல்கிற அளவு: கீழே ஓர் அடி அகலம், அரை அடி உயரம், தரையிலிருந்து ஒரு சாண் மேலே, முடிந்தால் நேர் வெளிச்சுவரில். மேலே அதே அளவு, கூரையிலிருந்து ஒரு சாணுக்குள், எதிர்ச்சுவர் கிடைத்தால் எதிர்ச்சுவரில். கீழ் ஓட்டைக்கு வெளிச்சுவர் இல்லையென்றால் கதவின் அடியில் லூவர் வைத்த கதவாக மாற்றுங்கள், பிவிசி கதவில்கூட அறுத்து வைக்க முடியும். ஆனால் அந்தக் கதவு திறக்கிற அறையும் அடைப்பாக இருந்தால் பிரயோஜனம் இல்லை. ஏசி போட்ட படுக்கையறைக்குள் இருக்கிற அட்டாச்டு பாத்ரூம் இந்த விஷயத்தில் மிக மோசம், ராத்திரி எல்லாவற்றையும் சாத்திவிட்டு அங்கே கேஸ் கீசர் ஓட்டவே வேண்டாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தக் கடற்கரையில் ஓட்டை போடுவது பெரிய வேலை இல்லை, அது திறந்தே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. நான் பார்த்த வீடுகளில் பாதிக்குமேல் வெண்டிலேட்டர் இருந்தது, ஆனால் அடைத்திருந்தார்கள். சாரலுக்காக, மணலுக்காக, கொசுவுக்காக, எலி வருகிறது என்று, பக்கத்து வீட்டு மாடியிலிருந்து தெரிகிறது என்று. எல்லாமே நியாயமான காரணங்கள். அதனால் யாரும் அடைக்க ஆசைப்படாத மாதிரி ஓட்டையை அமைக்க வேண்டும்.

சாரலுக்கு: வெளியே ஒரு சின்னச் சன்ஷேடு அல்லது கீழ்நோக்கிச் சாய்ந்த நிலையான பட்டைகள். திறந்து மூடுகிற கண்ணாடி லூவர் வேண்டாம், மூடுகிற வசதி இருந்தால் மழைநாளில் கை தானாக மூடும். மறைவுக்கு: ஜாலி கல் வைத்துக் கட்டிவிடுங்கள், ஆள் தெரியாது, காற்று வரும். கொசுவுக்கும் எலிக்கும்: எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வலை அடியுங்கள். சாதாரண இரும்பு வலை நம் ஊர் உப்புக்காற்றில் சீக்கிரமே துரு ஏறி உதிரும். நைலான் கொசுவலை உப்பும் தூசியும் சேர்ந்து துணி மாதிரி அடைத்துக்கொள்ளும். எந்த வலை போட்டாலும், ஜாலி வைத்தாலும், காற்றுப் போகிற இடம் குறைகிறது என்பதை மறக்கக் கூடாது, அதற்காக ஓட்டையை ஒன்றரை, இரண்டு மடங்கு பெரிதாக விட்டுவிடுங்கள். மாதம் ஒருமுறை பழைய பல்துலக்கும் பிரஷ் வைத்து வலையைத் தேயுங்கள். மணலுக்கு மட்டும் என்னால் முழுத் தீர்வு சொல்ல முடியவில்லை. கீழ் ஓட்டையை இன்னும் ஒரு சாண் உயர்த்தினால் குறையும், மிச்சத்தைக் கூட்டித்தான் தள்ள வேண்டும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். ஃபேன் காற்றை வெளியே தள்ளும், உள்ளே வர வழி இருந்தால்தான். கீழே ஓட்டை இல்லாமல் ஃபேன் மட்டும் சுற்றினால் அது வெறுமனே சத்தம் போடும். கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், கீசர் நிற்காது, பேட்டரியில்தானே பற்றுகிறது. அதனால் ஃபேனை மேல் ஓட்டைக்குப் பதிலாக வைக்காதீர்கள், கூடுதலாக வையுங்கள்.

புகைக்குழாய் உள்ள கீசர் என்றால்

கொஞ்சம் பெரிய மாடல்களில் மேலே புகைக்குழாய் மாட்ட இடம் இருக்கும். மாட்டினால் குழாய் நேரே மேலே ஏறி, வளைவு குறைவாக, வீட்டுக்கு வெளியே திறந்தவெளியில் முடிய வேண்டும். பரணுக்குள், ஃபால்ஸ் சீலிங்குக்குள், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் முடித்துவிட்டு “வெளியே விட்டாச்சு” என்று போய்விடுகிறார்கள், அது வெளியே விட்டதாகாது. பிவிசி பைப்பில் புகைக்குழாய் போட்டதையும் பார்த்திருக்கிறேன், சூட்டில் நெளிந்து வாய் மூடிக்கொண்டிருந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் இங்கே தாங்கும். நுனியில் மழைமூடி வேண்டும், வாடை நேராக அடிக்கிற பக்கம் நுனி இருந்தால் காற்று புகையைத் திரும்ப உள்ளே தள்ளும்.

இந்த வகைக் கீசர் இருக்கிற அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இன்னொரு ஆபத்து. காற்று வர வேறு வழி இல்லாவிட்டால் ஃபேன் அந்தப் புகைக்குழாய் வழியாகவே காற்றை இழுக்கும், வெளியே போக வேண்டிய புகை அறைக்குள் இறங்கும்.

சிலிண்டர்

சிலிண்டரைப் பாத்ரூமுக்குள் வைக்காதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் படுத்துத் தேங்கும், மேலே உள்ள வெண்டிலேட்டர் அதற்கு உதவாது. வெளியே, நிமிர்ந்த நிலையில், பக்கத்தில் சாக்கடைத் திறப்போ பள்ளமோ இல்லாத இடத்தில் இருக்கட்டும். ஹோஸ் ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ஆரஞ்சு நிறச் சுரக்ஷா ஹோஸ், 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், நீளம் போதவில்லை என்று ஒட்டுப் போட்டு நீட்டக் கூடாது. கசிவுக்கு 1906 என்ற எண்ணில் எந்நேரமும் கூப்பிடலாம். மாடியை யாத்திரிகர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை அங்கே போடக் கூடாது, வணிகச் சிலிண்டர்தான் வாங்க வேண்டும்.

மூன்றாம் படி: சோதித்துப் பார்ப்பது

கொத்தனார் போனதும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். முதலில் எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கசிவு இல்லையென்றால் கீசரை ஓட்டி, கதவைச் சாத்தி, வெளியே ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஒருவர் கதவருகே நிற்க, நீங்கள் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு உள்ளே போய்க் கீழ் ஓட்டையருகே பிடியுங்கள். புகை அறைக்குள் இழுபட வேண்டும். மேல் ஓட்டையில் வெளியே போக வேண்டும். புகைக்குழாய்க் கீசரானால் அதன் வாயருகே பிடித்தால் புகை உள்ளே உறிஞ்சப்பட வேண்டும், ஃபேனைப் போட்டும் ஒருமுறை பாருங்கள். எங்கேயாவது புகை அசையாமல் சுருண்டு நின்றாலோ எதிர்த்திசையில் வந்தாலோ அந்த அமைப்பு சரியில்லை, திரும்பக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். காற்றே இல்லாத ஒரு நாளும், வாடை பலமாக அடிக்கிற ஒரு நாளும் இரண்டு தடவை செய்து பார்க்க வேண்டும், ஒரு நாள் சரியாக இருந்த வழி மறுநாள் திசை மாறுவதை நானே பார்த்தேன்.

தீயின் நிறத்தையும் பாருங்கள். நீலமாக, நிலையாக எரிந்தால் நல்லது. மஞ்சளாகி ஆடினால், கீசரின் மேல்பக்கம் கரி படிந்தால், யாரும் குளிக்காமல் வெறுமனே ஓட்டும்போதே சுவரும் கண்ணாடியும் வியர்த்து வழிந்தால் நிறுத்திவிடுங்கள். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்குமேல் நீராவி வரும், அது சுவரில் நிற்கிறது என்றால் புகையும் கூடவே நிற்கிறது. ஆனால் நீலத் தீ என்பதால் மட்டும் காற்றுவழி தேவையில்லை என்றாகாது.

உப்பும் குளவியும்

நம் பக்கத்து உப்புத் தண்ணீர் கீசரின் செம்புக் குழாய்க்குள் சுண்ணாம்பாகப் படியும், வெளியே உப்புக்காற்றில், அந்தக் குழாயைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகளுக்கு நடுவே பச்சை பூக்கும், கரி சேரும். தகடுகளின் இடைவெளி அடைந்தால் புகை மேலே ஏற முடியாமல் முன்பக்கமாகவே வழியும். இது மெதுவாக நடப்பதால் கண்ணில் படாது. மச்சான் வீட்டுக் கீசரைக் கழற்றியபோது பாதி இடைவெளி அடைந்திருந்தது, அதோடு பர்னர் வாயில் குளவி மண்கூடு வைத்திருந்தது. கோடையில் மூன்று நான்கு மாதம் ஓட்டாமல் கிடக்கும்போது குளவிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அதனால் வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசி முடிவதற்குள், மழைக்காலம் தொடங்குமுன் கீசரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பர்னர், ஜெட் (கேஸ் வருகிற சின்னத் துளை), தகடுகள், புகைக்குழாய் நுனி நான்கையும் உங்கள் கண்முன் காட்டச் சொல்லிப் பாருங்கள். மேலாகத் துடைத்துவிட்டுப் போகிற ஆள்கள் உண்டு.

ஓட்டும்போது

ஒருவர் குளித்து முடித்தால் கதவைப் பத்து நிமிடம் திறந்து வைத்துவிட்டுத்தான் அடுத்தவர். ஐயப்பன் சீசனில் ராமேஸ்வரத்தில் ஓர் அறையில் ஏழெட்டுப் பேர் வரிசையாகக் குளிப்பார்கள், முதலில் குளித்தவருக்கு ஒன்றும் ஆகாது, நாலாவது ஆளுக்குத்தான் ஆபத்து. அறையை வாடகைக்கு விடுகிறவர்கள் இதைத் தமிழிலும் இந்தியிலும் தெலுங்கிலும் எழுதிக் கதவில் ஒட்டுங்கள், கூடவே வெளியிலிருந்து நாணயம் வைத்துத் திருகித் திறக்கிற தாழ்ப்பாளாக மாற்றுங்கள். உண்மையில் வாடகை அறைகளுக்குச் சோலார் கீசரோ கரண்ட் கீசரோதான் சரி, தெரியாத ஊரில் வந்து குளிக்கிறவர் நம் ஓட்டையை எப்போது துண்டு போட்டு அடைப்பார் என்று நமக்குத் தெரியாது.

கார்பன் மோனாக்சைடு அலாரம் இப்போது இணையத்தில் கிடைக்கிறது. பாத்ரூமுக்குள் நீராவியில் வைத்தால் கெட்டுவிடும், கதவுக்கு வெளியே, அதோடு வந்த குறிப்பில் சொன்ன உயரத்தில் மாட்டுங்கள். எல்பிஜி கசிவு அலாரம் வேறு, அது தரைக்கு அருகே இருக்க வேண்டும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அலாரத்தின் சென்சாருக்கு ஆயுள் உண்டு, பின்பக்கம் போட்டிருக்கிற வருடத்தைப் பார்த்து மாற்றுங்கள். அலாரம் வாங்கிவிட்டோம் என்று ஓட்டையை அடைத்துவிடக் கூடாது.

யாராவது மயங்கினால்

குளித்துவிட்டு வந்ததும் தலை பாரமாக இருக்கிறது, குமட்டுகிறது, கால் தள்ளாடுகிறது, வெளித்திண்ணையில் உட்கார்ந்தால் சரியாகிறது என்று யாராவது சொன்னால் அதைப் பித்தம், பிரஷர் என்று விடாதீர்கள். அன்றைக்கே கீசரை நிறுத்துங்கள். கர்ப்பிணி என்றால் தாய்க்கு லேசாகத் தெரிந்தாலும் வயிற்றுப் பிள்ளைக்கு அதிகம் பாதிக்கும், உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

உள்ளே மயங்கிக் கிடந்தால், கதவை உடைத்துத் திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஆளை வெளியே இழுங்கள். உள்ளேயே வைத்துத் தண்ணீர் தெளிப்பது, சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பது எல்லாம் வேண்டாம், நேரம் போகும், காப்பாற்றப் போனவரும் விழுவார். கேஸை அணையுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்திச் சிபிஆர் கொடுங்கள்.

மருத்துவமனையில் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை “கேஸ் கீசர்”. விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் 98 காட்டும், ஏனென்றால் அதற்குக் கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஒட்டிய ரத்தத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். சும்மா காற்றை மூச்சு விட்டால் ரத்தத்தில் இருக்கிற விஷம் பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும், மாஸ்க் வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும்.

வீடு திரும்பியபின் ஒரு மாதம்வரை கவனியுங்கள். மறதி, கவனக்குறைவு, நடையில் தடுமாற்றம், காரணமில்லாத கோபம் என்று சிலருக்குச் சில நாள், சில வாரம் கழித்தும் வரும். மச்சானுக்கு மூன்றாவது வாரம் வலையில் முடிச்சுப் போடக் கை மறந்துபோனது. திரும்பக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம், மெல்ல மெல்லச் சரியானது. அந்த டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்ததை அக்கா இன்னும் பாத்ரூம் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள்: மறுபடி தலைவலி வந்தால் மாத்திரை போடும் முன் கீசரைப் பார்க்கவும்.